புராணம் பிறந்த இடம்

புராணங்களுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் காலத்துக்குக் காலம் தங்கள் வாதத்தை மாற்றிக்கொண்டே வருகிறார்கள். முதலில் அவையெல்லாம் நடந்த சரித்திரம் என்றார்கள். எந்த வருஷத்தில், எந்த ஊரில் என்று கேள்வி கிளம்பியதும், சரித்திரம் அல்ல, தத்துவார்த்தம் என்றார்கள். அந்தத் தத்துவார்த்தத்தை இரண்டு பண்டிதர்களாவது ஒன்றுபோலச் சொல்ல முடியாமற் போனதும், இப்போது மூன்றாவதாக ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதாவது, புராணம் மனித மனத்தின் ஆழத்திலிருந்து வந்தது. மனோதத்துவ சாஸ்திரமே இதை ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகையால் புராணத்தைக் குறை சொல்லுகிறவன் மனித மனத்தையே அறியாதவன் என்பதாகும்.

இதற்கு ஆதாரமாக மேல்நாட்டு அறிஞர்கள் இருவரை இழுத்து வருகிறார்கள். ஒருவர் வியன்னா நகரத்து வைத்தியர் பிராய்டு. இவர் 1900-ல் வெளியிட்ட கனவு ஆராய்ச்சிப் புத்தகத்தில், தகப்பனைக் கொன்று தாயை மணந்த ஈடிபஸ் என்னும் கிரேக்க அரசனுடைய கதையை எடுத்துக்கொண்டு, குழந்தை மனத்தில் ஒளிந்து கிடக்கும் ஆசையே இப்படிக் கதையாக வெளிப்பட்டது என்றார். மற்றவர் சுவிட்சர்லாந்து தேசத்து யுங். மனித ஜாதி முழுமைக்கும் பொதுவான ஓர் அடிமனம் உண்டென்றும், பல தேசத்துப் புராணங்களிலும் ஒரே மாதிரியான உருவங்கள் தோன்றுவது அதனால்தான் என்றும் இவர் சொன்னார். இவர்கள் சொன்னதெல்லாம் சரியென்று பின்வந்த ஆராய்ச்சிக்காரர்கள் அனைவரும் ஏற்கவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். பிராய்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள், அவரே 1927-ல் மதத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதி, மதம் என்பது மனிதனுடைய ஆசை உண்டாக்கிய மயக்கம் என்று முடிவு கூறியிருப்பதை மட்டும் வெளியில் சொல்லுவதில்லை. சாட்சியின் வாக்குமூலத்தில் பாதியைப் படித்துவிட்டு மீதியை மடித்து வைத்துக்கொள்ளும் வக்கீலின் வேலைதான் இது.

ஆனாலும் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை நாம் மறுக்கவில்லை. புராணம் மனித மனத்திலிருந்துதான் பிறந்தது. அது ஆகாயத்திலிருந்து இறங்கவில்லை, எந்த ரிஷிக்கும் எந்தக் கடவுளும் வந்து சொல்லவில்லை, மனிதனே கட்டினான் என்பதுதானே நம்முடைய கட்சியும்? இதை அவர்களே ஒப்புக்கொண்ட பிறகு பாக்கியிருப்பது ஒரே கேள்விதான். மனத்தின் எந்த மூலையிலிருந்து பிறந்தது? அறிவிலிருந்தா, அச்சத்திலிருந்தா? மனத்திலிருந்து வந்ததெல்லாம் உயர்ந்தது என்றால், பொறாமையும் கொலைவெறியும்கூட அங்கிருந்துதானே வருகின்றன? காய்ச்சல் உடம்பிலிருந்துதான் உண்டாகிறது என்பதற்காகக் காய்ச்சலுக்குக் கோயில் கட்டுவார் உண்டோ என்று கேட்கலாமென்றால், நம் நாட்டில் அப்படியும் கட்டியிருக்கிறார்கள். ஆகவே அந்தக் கோயிலையே எடுத்துக்கொண்டு இந்தச் சங்கதியை விசாரிப்போம்.

அறுபது வயதைத் தாண்டிய வாசகர்களில் பலர் பெரியம்மையைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். மற்றவர்கள் பாட்டன் பாட்டி முகத்துத் தழும்பையாவது பார்த்திருப்பார்கள். வைசூரி என்றாலும் இதுதான். முதலில் கடுங்காய்ச்சல், பிறகு வாயிலும் முகத்திலும் கை காலிலும் கொப்புளம், அது சீழ் வைத்துப் பொருக்குத் தட்டி உதிரும். பத்துப் பேருக்குக் கண்டால் ஏறக்குறைய மூன்று பேர் சாவார்கள். பிழைத்த ஏழு பேரில் பெரும்பாலோருக்கு முகம் குழி விழும். சிலருக்குக் கண் போய்விடும். இருபதாம் நூற்றாண்டில் மாத்திரம் உலகத்தில் சுமார் 30 கோடிப் பேர் இந்த ஒரு வியாதியால் மாண்டார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு கிராமத்துக் குடிசையில் இந்த வியாதி நுழைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுத் தாய்க்கு என்ன தெரியும்? கோடைக்காலத்தில் வருகிறது என்பது தெரியும். ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடி வராது என்பதும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. யார் அனுப்பினார்கள்? ஐந்து வீடு தள்ளியிருக்கிற பிள்ளையை விட்டுவிட்டு என் பிள்ளையை ஏன் பிடித்தது? எப்போது போகும்? இந்த மூன்று கேள்விக்கும் ஊர் வைத்தியனிடத்தில் பதில் இல்லை. பதில் இல்லை என்பதைச் சும்மா வைத்துக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் இரவு முழுதும் உட்கார்ந்திருக்க மனித மனத்தால் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு சண்டை போடவும் முடியாது, அதைக் கெஞ்சவும் முடியாது. ஆனால் ஓர் ஆளாக இருந்தால் காலில் விழலாம், கெஞ்சலாம், ஏதாவது கொடுக்கிறேன் என்று பேரம் பேசலாம். ஆகவே மனம் வியாதியை ஆளாக்கிற்று.

எந்த ஆள்? அடிக்கவும் செய்வாள், அணைக்கவும் செய்வாள் என்று குழந்தைப் பருவத்திலிருந்து மனிதன் அறிந்த ஆள் ஒருத்திதான். அவள் தாய். அதனால்தான் வியாதிக்கு அம்மை என்று பெயர், தெய்வத்துக்கும் அம்மை என்று பெயர். சீழ்க் கொப்புளத்தைக் கொப்புளம் என்று சொல்லாமல் முத்து என்றார்கள். வியாதி வந்தது என்று சொல்லாமல் ஆத்தாள் விளையாட வந்திருக்கிறாள் என்றார்கள். காய்ச்சலை அவள் கோபம் என்றார்கள். கோபக்காரத் தாயைத் தணிக்க இளநீர், கூழ், வேப்பிலை. அதுவும் போதாதென்று படுக்கைக்குப் பக்கத்தில் மாரியம்மன் தாலாட்டு என்று ஒரு பாட்டையே பாடினார்கள். பிள்ளையைத் தூங்கவைக்கப் பாட வேண்டிய தாலாட்டைப் பிள்ளையைக் கொல்ல வந்த வியாதிக்குப் பாடின தாயின் நெஞ்சு எவ்வளவு நடுங்கியிருக்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். இதைப் பார்த்துச் சிரிக்கிறவன் பகுத்தறிவாளன் அல்ல. இதைப் பார்த்துக் கும்பிடச் சொல்லுகிறவனும் மனோதத்துவம் அறிந்தவன் அல்ல.

இது மனம் செய்த வேலைதான் என்பதற்கு ருஜு வேண்டுமானால் மற்ற தேசங்களைப் பார்க்கலாம். வடநாட்டிலும் வங்காளத்திலும் இதே வியாதி, கழுதை மேல் ஏறித் துடைப்பம் பிடித்த சீதளா தேவி. சீனத்தில் வேறொரு அம்மன். ஜப்பானில் சிவப்பு நிறத்துக்கு அடங்கும் என்று சொல்லப்பட்ட ஒரு துஷ்ட தேவதை. ஆப்பிரிக்காவில் யொரூபா மக்களுக்கு ஸொபோனா என்ற ஆண் தெய்வம். பிரான்ஸ் தேசத்துக் கிறிஸ்தவர்களுக்கு ரீம்ஸ் நகரத்து பிஷப் நிகேஸ் என்ற அர்ச்சிஷ்டர். வியாதி எங்கும் ஒன்று. கிருமி எங்கும் ஒன்று. தெய்வம் மட்டும் ஊருக்கு ஓர் உருவம், ஊருக்கு ஒரு பாஷை, ஊருக்கு ஒரு படையல். உண்மையிலேயே ஒரு தெய்வம் அனுப்பிய வியாதியானால் எல்லா ஊருக்கும் ஒரே தெய்வம் அல்லவா தெரிந்திருக்க வேண்டும்? ஒரே அச்சம் பல ஊரில் பல சட்டை போட்டுக்கொண்டது என்பதைத் தவிர வேறு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

அச்சம் எங்கே அதிகமோ அங்கேதான் மந்திரமும் கதையும் அதிகம் என்பதை நேரில் பார்த்து எழுதினவர் ஒருவர் உண்டு. மாலினோவ்ஸ்கி என்னும் போலந்து தேசத்து ஆராய்ச்சிக்காரர், முதல் உலக யுத்த காலத்தில், நியூகினிக்குப் பக்கத்திலுள்ள டிரோபிரியாண்டு தீவுகளில் தங்கி அங்கிருந்த மீனவர்களோடு பழகினார். அவர்கள் அமைதியான உப்பங்கழியில் மீன் பிடிக்கப் போகும்போது ஒரு மந்திரமும் சொல்லுவதில்லை. அங்கே ஆபத்தும் இல்லை, மீன் கிடைப்பதும் நிச்சயம். ஆழ்கடலுக்குப் போவதென்றாலோ மந்திரமும் சடங்கும் ஏராளம். அதே மனிதன், அதே ஓடம், அதே கை. வித்தியாசம் ஆபத்தில்தான் இருக்கிறது. நம்முடைய வாழ்விலும் இப்படித்தான். கடைக்குப் போய் உப்பு வாங்கி வருவதற்கு யாரும் நேர்ந்துகொள்ளுவதில்லை. பிள்ளை பிழைப்பதற்கும் மழை பெய்வதற்கும்தான் நேர்ந்துகொள்ளுகிறோம்.

நிற்க, பிறந்த கதை ஏன் சாகாமல் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு புறாச் சங்கதி இருக்கிறது. அமெரிக்கா தேசத்து ஸ்கின்னர் என்ற மனோதத்துவ ஆசிரியர் 1948-ல் ஒரு பரீட்சை செய்து எழுதினார். பசியோடிருக்கும் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த நேரத்துக்கு ஒரு தடவை தானாகத் தீனி வரும்படி யந்திரம் வைத்தார். தீனி வந்த சமயத்தில் தற்செயலாக ஒரு புறா இடப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றினதால்தான் தீனி வந்தது என்று எண்ணினாற்போல, அது ஓயாமல் சுற்ற ஆரம்பித்தது. இன்னொன்று கூண்டின் மேல் மூலையில் தலையை நீட்டி நீட்டி முட்டிற்று. எட்டுப் புறாக்களில் ஆறு இப்படித் தங்களுக்கென்று ஒரு சடங்கை உண்டாக்கிக்கொண்டன. யந்திரம் அதன்பாட்டுக்குத் தீனியைத் தள்ளிக்கொண்டிருந்தது. புறாக்கள் அதன்பாட்டுக்குப் பிரதட்சிணம் செய்துகொண்டிருந்தன!

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். பத்துப் பிள்ளைகளுக்குப் பெரியம்மை கண்டது; பத்து வீட்டிலும் நேர்ந்துகொண்டார்கள். வியாதியின் இயற்கைப்படியே ஏழு பிள்ளைகள் பிழைத்தார்கள். ஏழு வீட்டாரும் தீச்சட்டி எடுத்து, மாவிளக்கு வைத்து, ஆத்தாள் காப்பாற்றினாள் என்று ஊரெல்லாம் சாட்சி சொன்னார்கள். மூன்று பிள்ளைகள் செத்த வீட்டில் யார் சாட்சி சொல்ல வருவார்கள்? அவர்கள் வாய் அடைபட்டுவிட்டது. பண்டைக் கிரேக்க நாட்டில் டயகோரஸ் என்ற நாத்திகரிடம், கடலில் புயலுக்குத் தப்பினவர்கள் காணிக்கையாக மாட்டிய படங்களைக் காட்டித் தெய்வ சக்தியைப் பார் என்றபோது, நேர்ந்துகொண்டும் மூழ்கிப் போனவர்களுடைய படம் எங்கே என்று அவர் கேட்டதாகச் சொல்லுவார்கள். நம் கோயில் வாசலில் தொங்கும் கண்மலரையும் கட்டித் தொங்கும் தொட்டிலையும் பார்க்கிறபோதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது பயந்த ஏழையின் மனம். பயத்தில் பிறந்த தெய்வத்தைப் பிறகு யார் யார் எப்படி உபயோகித்துக்கொண்டார்கள் என்பது வேறு சங்கதி. மாரியம்மனுக்கு ரேணுகை கதையை ஒட்டவைத்தார்கள். பாரதத்தின் வனபர்வத்தில் உள்ள கதை இது. ஜமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகை ஆற்றங்கரையில் ஒரு ராஜன் தன் மனைவிமாரோடு விளையாடுவதைப் பார்த்தாள். மனம் ஒரு கணம் சலித்தது. வேறொன்றும் நடக்கவில்லை. அதற்காக முனிவர் தம் பிள்ளைகளை அழைத்துத் தாயைக் கொல்லச் சொன்னார். நான்கு பிள்ளைகள் மறுத்தார்கள். அவர்களுக்குப் புத்தி கெட்டு மிருகம்போல ஆகும்படி சாபம். ஐந்தாவது பிள்ளை பரசுராமன் கோடரியை எடுத்து வெட்டினான். அவனுக்கு வரம், அவதாரம் என்ற பட்டமும் சேர்ந்தது. தாயை வெட்ட மாட்டேன் என்றவன் பைத்தியம், வெட்டினவன் கடவுள்!

தென்னாட்டில் இந்தக் கதை இன்னும் நீளுகிறது. வரத்தால் தாயை மறுபடி எழுப்பும்போது, அவசரத்தில் ரேணுகையின் தலையைத் தீண்டப்படாத ஜாதிப் பெண் ஒருத்தியின் உடம்போடு ஒட்டிவிட்டார்களாம். அப்படி உயர்ந்த ஜாதித் தலையும் தாழ்த்தப்பட்ட ஜாதி உடம்புமாக எழுந்தவளே மாரியம்மன் என்கிறார்கள். ஸொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-ல் அச்சிட்ட தம் யாத்திரைப் புத்தகத்தில் இந்தக் கதை இருக்கிறது. அதைப் படித்து ஜெர்மனியின் மகாகவி கெதே அதன்மேல் பாட்டே எழுதினார். ஆகவே இது நாம் கற்பித்துச் சொல்லுவதல்ல.

புராணம் மனத்தைக் காட்டும் கண்ணாடி என்று சொல்லுகிறவர்களே, இந்தக் கண்ணாடியில் தெரியும் மனம் யாருடையது என்று சொல்லுங்கள். பெண்ணின் கையைக் காலைப் பூட்டிவைத்தும் திருப்தி இல்லாமல், அவள் மனத்துக்குள் என்ன ஓடுகிறதோ என்று இரவும் பகலும் சந்தேகப்படுகிற புருஷனுடைய மனம் அது. ஏழைச் சேரியில் பிறந்த தெய்வத்துக்குக் கூட்டம் சேருவதைக் கண்டு, உடம்பு உங்களுடையதாகவே இருக்கட்டும், தலை மட்டும் எங்களுடையது என்று பங்கு கேட்கும் ஜாதி மனம் அது. கும்பிடுகிற தெய்வத்திலேயே தலை ஒரு ஜாதி, உடம்பு ஒரு ஜாதி என்று எல்லை கட்டிவிட்டால், ஊருக்குள் தெரு பிரிப்பதை எவன் கேட்கப் போகிறான்? இது மனோதத்துவ உண்மை என்பதில் ஆட்சேபணை இல்லை. வைத்தியன் நாடியைப் பிடித்துப் பார்ப்பதுபோல இந்தக் கதையைப் பிடித்துப் பார்த்து, சமூகத்துக்கு என்ன வியாதி என்று கண்டுகொள்ள வேண்டியதுதான். நாடியில் ஜுரம் தெரிகிறது என்றால் ஜுரத்துக்கு மருந்து கொடுப்பதா, கற்பூரம் காட்டுவதா?

இதற்கும் அவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எல்லாம் உருவகம் ஐயா, எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளக்கூடாது என்பார்கள். படித்தவர் வீட்டுக் கூடத்தில் அது உருவகமாக இருக்கலாம்; குடிசையில் அது சட்டம். பிள்ளை செத்த வீட்டில் தாய் என்ன சொல்லி அழுதாள்? "நான் என்ன குத்தம் செஞ்சேனோ, ஆத்தா கண்ணு பட்டுட்டுதே" என்றுதான் அழுதாள். தீட்டு நாளில் வாசல் தாண்டினேனோ, கூழ் ஊற்றுவதாகச் சொல்லி மறந்தேனோ என்று சாகும்வரை தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டாள். பிள்ளையை வியாதி கொன்றது. தாயைக் கதை கொன்றது. இந்த இரண்டாவது சாவுக்கு எந்த மனோதத்துவப் பண்டிதர் ஜவாப்தாரி?

அது மாத்திரமல்ல. இங்கிலாந்தில் ஜென்னர் என்ற வைத்தியர் 1796-ல், மாட்டு அம்மைப் பாலைக் கையில் கீறி வைத்தால் பெரியம்மை வராது என்று நிரூபித்தார். 1802-ல் பம்பாயில் இந்த நாட்டின் முதல் அம்மை குத்தல் நடந்தது. பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்து அம்மைப்பால் தயாரித்து ஜில்லாக்களுக்கு அனுப்பினார்கள். இவ்வளவும் இருந்தும், அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் பல ஊர்களில் குழந்தைகளை ஒளித்து வைத்தார்கள். அந்தக் காலத்தில் குத்தின முறையில் வலியும் புண்ணும் இருந்தன, சர்க்கார் சேவகனின் அதட்டலும் இருந்தது. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஆத்தாளுக்கு எதிராகக் கத்தி எடுத்தால் ஆத்தாள் கோபிப்பாள் என்ற பயமும் அதற்குச் சமமாக நின்றது.

இந்தப் பயத்தை வெல்லச் சென்னை ஜில்லா கலெக்டராயிருந்த எல்லிஸ் என்ற துரை ஒரு வேடிக்கையான வழி செய்தார். 1819-ல் இறந்துபோன இவர் தமிழ் நன்றாகக் கற்றவர். சக்திக்கும் தன்வந்திரிக்கும் நடந்த சம்பாஷணை என்று, பசுவின் மூலமாக அம்மைப் பாலை உலகத்துக்குத் தேவியே வரமாகக் கொடுத்தாள் என்று தமிழில் ஒரு கதை எழுதினார். அவருடைய எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு வெள்ளைக்கார கலெக்டர் மேஜையில் உட்கார்ந்து ஒரு புராணம் எழுத முடியும் என்றால், மற்றப் புராணங்கள் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பெரியம்மை கடைசியில் எப்படிப் போயிற்று? 1967 முதல் உலக சுகாதார ஸ்தாபனத்தார் எல்லாத் தேசத்துச் சர்க்காரோடும் சேர்ந்து முனைந்து வேலை செய்தார்கள். இரண்டு முனையுள்ள சிறு ஊசி. வெயிலில் கெடாத உலர்ந்த அம்மைப்பால். வீடு வீடாகச் சென்று, அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் காட்டி, இப்படி யாராவது இருக்கிறார்களா என்று விசாரணை. துப்புச் சொன்னவருக்குப் பரிசு. கண்ட இடத்தில் சுற்றியிருப்பவர் அனைவருக்கும் குத்தல். 1974-ல் ஜனவரி முதல் மே வரை மட்டும் பீகார் முதலான வடகிழக்குப் பிரதேசங்களில் 15,000 பேருக்கு மேல் இதனால் இறந்தார்கள். மறு வருஷம், 1975 மே மாதத்தோடு, இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1977 அக்டோபரில் ஆப்பிரிக்காவில் சோமாலியா தேசத்து ஆஸ்பத்திரிச் சமையற்காரர் ஒருவருக்கு வந்ததே உலகில் இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை. அவரும் பிழைத்துக்கொண்டார். 1980 மே மாதத்தில் வியாதி ஒழிந்தது என்று பிரகடனம் செய்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் கூழ் ஊற்றியும் போகாத ஆத்தாள், ஊசி பிடித்த ஊழியர்கள் பத்துப் பதினோரு வருஷம் நடந்ததில் போய்விட்டாள். அவர்களில் இந்து உண்டு, முஸ்லிம் உண்டு, கிறிஸ்தவர் உண்டு, கடவுள் இல்லை என்பவரும் உண்டு. ஊசி ஒருவரையும் மதம் கேட்கவில்லை.

கூட்டங்களில் ஒரு கேள்வி வருவதுண்டு. "ஐயா, அம்மைதான் போய்விட்டதே, அம்மன் கோயிலில் கும்பல் மட்டும் ஏன் குறையவில்லை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உத்தியோகம் எடுபட்டுப் போனவருக்கு வேறு இலாகாவில் இடம் கொடுப்பதுபோல, அம்மனுக்கு வேறு இலாகா கொடுத்துவிட்டோம். பெரியம்மை போனாலும் பயம் போகவில்லை. பிள்ளை இல்லாத பயம், கடன்காரன் பயம், பரீட்சைப் பயம், வேலை கிடைக்காத பயம், ஆஸ்பத்திரிச் செலவுப் பயம் எல்லாம் இருக்கின்றன. பயம் இருக்கிறவரைக்கும் மனம் யாரையாவது ஓர் ஆளைத் தேடிக்கொண்டே இருக்கும்.

இதற்கு அத்தாட்சி கோயமுத்தூரிலேயே இருக்கிறது. அங்கே பிளேக் மாரியம்மன் என்று ஒரு கோயில் உண்டு. பிளேக் கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் யெர்ஸின் என்ற வைத்தியர் கண்டுபிடித்தார். அந்தப் பிளேக் 1896-ல் பம்பாயில் இறங்கி, பிறகுதான் தெற்கே பரவிற்று. 1898-ல் எலியின் தெள்ளுப்பூச்சி மூலம் அது பரவுகிறது என்பதையும் ஸிமோன் என்பவர் கண்டு சொன்னார். அப்படியானால் அம்மனுக்கு இங்கிலீஷ் வியாதியின் பெயர் வந்தது, கிருமியின் பெயர் சாஸ்திரத்தில் ஏறிய பிறகுதான் இருக்க வேண்டும்! பரீட்சைச் சாலையில் பதில் கிடைத்துவிட்டது. தெருவுக்கு அது வந்து சேரவில்லை. வராத இடத்தில் அம்மன் வந்துவிட்டாள். 2021 மே மாதத்திலோ, கொரோனா நோயில் ஜனங்கள் மூச்சுக் காற்றுக்கு அலைந்த சமயத்தில், அதே கோயமுத்தூருக்குப் பக்கத்தில் இருகூரில் ஒரு மடத்தார் கொரோனா தேவி என்று விக்கிரகம் செய்து வைத்துப் பூசை நடத்தினார்கள். தடுப்பூசி அந்த வருஷம் ஜனவரியிலேயே இந்த நாட்டில் போடத் தொடங்கியாய்விட்டது. புராணம் எப்படிப் பிறக்கும் என்று இனி எந்த ஏட்டையும் புரட்ட வேண்டியதில்லை; நம் கண்ணெதிரிலேயே ஒன்று பிறந்து பெயர் சூட்டப்பட்டதைப் பார்த்துவிட்டோம்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? பயந்தவனைப் பார்த்துப் பரிகாசம் செய்வதால் பயம் போகாது. அவன் இன்னும் கெட்டியாக வேப்பிலையைப் பிடித்துக்கொள்ளுவான். பயத்துக்குக் காரணமான கேள்விக்குப் பதிலை அவன் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சின்னம்மையும் தட்டம்மையும் இன்றும் இருக்கின்றன. இன்றும் பல வீடுகளில் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று மருந்தைத் தள்ளி வைக்கிறார்கள். தட்டம்மையைச் சிறு பிள்ளை வியாதி என்று எண்ணுகிறார்கள். 2023-ல் உலகத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதனால் இறந்தார்கள், பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். தடுப்பூசி இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் போடுகிறார்கள். சின்னம்மை பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வந்தால் நுரையீரலைத் தாக்கக்கூடும். மூச்சுத் திணறினாலோ, பிள்ளை தண்ணீர் குடிக்காமல் துவண்டாலோ, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளுக்காகக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நோயாளியைத் தனியே வைப்பதும், சுத்தமான துணி விரிப்பதும், இளநீர் கொடுப்பதும் பழைய வழக்கத்திலுள்ள நல்ல காரியங்கள். அவற்றை ஆத்தாளுக்குப் பயந்து செய்யாமல், நோயாளிக்கு நல்லது என்று தெரிந்து செய்யட்டும்.

இதைவிட முக்கியமான காரியம் ஒன்றுண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், உன் குற்றம் இதில் ஒன்றுமில்லை அம்மா, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி ஒரு மூச்சிலிருந்து மற்றொரு மூச்சுக்குப் போயிற்று, அதற்குத் தீட்டும் தெரியாது, நேர்த்திக்கடனும் தெரியாது என்று சொல்ல ஆள் வேண்டும். எந்தப் பூசாரியும் இதைச் சொல்லமாட்டார். சொன்னால் அவருக்குத் தட்டில் ஒன்றும் விழாது. எந்தப் புராணமும் இதைச் சொல்லவில்லை. இதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். ஒரு தாயின் மனத்திலிருந்து அந்தக் குற்ற உணர்ச்சியை எடுத்துவிட்டால், அதுவே ஆயிரம் விக்கிரகத்தை எடுத்ததற்குச் சமானம்.

புராணங்களைக் கதையாகப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். முன்னோர் எதற்கெல்லாம் பயந்தார்கள், எதற்கெல்லாம் ஏங்கினார்கள், யாரையெல்லாம் அழுத்தி வைத்தார்கள் என்று ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். அந்த மட்டில் அவை உபயோகமானவைதான். ஆனால் பயத்தில் பிறந்ததைப் பக்தி என்றும், அறியாமையில் பிறந்ததை ஞானம் என்றும் பெயர் மாற்றி, அதற்கு மனோதத்துவ முத்திரை குத்தி மறுபடியும் ஏழைகளின் தலையில் ஏற்ற வருகிறவர்களிடத்தில் மட்டும் வாசகர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அடுத்த தடவை உங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பதைக் கண்டால், தாண்டிப் போய்விடாதீர்கள். உள்ளே போக வேண்டியதில்லை. வாசலிலிருந்தே கூப்பிட்டு, டாக்டரிடம் காட்டினீர்களா, மற்றப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டாயிற்றா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். நம் பிரசாரம் அங்கேதான் ஆரம்பமாக வேண்டும்.